குவானஹுவாத்தோ வெள்ளிச் சுரங்க நகரம்: முதல்முறை போகிறவர்களுக்கு

நாங்கள் குவானஹுவாத்தோ போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தரை மணி. டாக்சிக்காரர் ஒரு சின்னச் சதுக்கத்தில் எங்களை இறக்கிவிட்டு, கையை மேலே காட்டி ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். மேலே என்றால் நிஜமாகவே மேலே. வரைபடத்தில் விடுதிக்கு 150 மீட்டர் என்றுதான் போட்டிருந்தது, ஆனால் அந்த 150 மீட்டரும் படிகள். மறுநாள் காலையில் எண்ணிப் பார்த்தேன், 137. அம்மாவுக்கு முழங்கால் வலி, கையில் நான்கு பெட்டிகள், பாதிப் படிகளில் விளக்கு கிடையாது. அம்மா பத்துப் படிக்கு ஒருமுறை உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். கீழிருந்து யாரோ ஒரு மாணவர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மேலே போய் வைத்துவிட்டுப் போனார்.

அந்த இரவு எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம். மெக்சிகோவின் நடுப்பகுதியில், சுமார் 2000 மீட்டர் உயரத்தில், ஒரு குறுகலான பள்ளத்தாக்குக்குள் ஸ்பானியர்கள் வெள்ளிக்காகக் கட்டிய ஊர் இது. 1988-இல் சுரங்கங்களையும் சேர்த்தே யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பழைய ஊர் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, ஆனால் பூட்டிவைத்த காட்சிப்பொருளாக இல்லை, பல்கலைக்கழக மாணவர்கள் நிறைந்து ஜனங்கள் வாழ்கிற ஊர். வரலாறு எங்கும் கிடைக்கும், அதை விட்டுவிடுகிறேன். அமெரிக்காவிலிருந்து இந்திய பாஸ்போர்ட்டோடு போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

1. விசா: டிக்கெட்டுக்கு முன்னால் இதைப் பாருங்கள்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஏதாவது ஒன்றின் செல்லுபடியாகும் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் தனியாக மெக்சிகோ விசா தேவையில்லை. அமெரிக்க கிரீன் கார்டு இருந்தாலும் தேவையில்லை. இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் இதே சலுகைதான். சுற்றுலா விசாவில் அமெரிக்கா வந்திருக்கும் அப்பா அம்மாவையும் இதனால் கூட்டிப்போக முடிகிறது, நாங்கள் அம்மாவை அப்படித்தான் கூட்டிப்போனோம்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருக்கும் நிறையப் பேருக்கு வேலை அனுமதி நீட்டிப்பு வந்திருக்கும், ஆனால் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா எப்போதோ காலாவதியாகியிருக்கும். அந்த ஒட்டு காலாவதியானால் மேலே சொன்ன சலுகை உங்களுக்குக் கிடையாது, ஐ-797 என்ற ஒப்புதல் காகிதத்தைக் காட்டினாலும் மெக்சிகோவுக்கு அது விசா ஆகாது. மெக்சிகோ தூதரகத்தில் விண்ணப்பித்து விசா வாங்கித்தான் போக வேண்டும், அதற்கு நேர்காணல் நேரம் கிடைப்பதே பெரிய பாடு. 30 நாளுக்குள் மெக்சிகோ போய்த் திரும்புகிறவர்களை, செல்லுபடியாகும் ஐ-94 (அமெரிக்க வருகைப் பதிவு) இருந்தால், பழைய விசாவோடே அமெரிக்கா திரும்ப விடும் ஒரு விதி இருக்கிறது என்று நண்பர்கள் சொல்வார்கள். விதி உண்மைதான். ஆனால் அது அமெரிக்காவுக்குள் திரும்பி வருவதற்கான விதி, மெக்சிகோவுக்குள் நுழைய அது உதவாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்படித் திரும்பி வர நினைப்பவர்கள் உங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: பாஸ்போர்ட் (விசா பழைய பாஸ்போர்ட்டில் இருந்தால் அதுவும்), ஐ-94 அச்சு, எச்-1பி என்றால் ஐ-797, விடுதிப் பதிவு, திரும்பும் டிக்கெட். விடுதிப் பதிவும் டிக்கெட்டும் காகிதத்தில் இருக்கட்டும். குடிவரவு வரிசையில் கைப்பேசி சிக்னல் கிடைக்காமல் எனக்கு முன்னால் நின்ற குடும்பம் பட்ட பாட்டைப் பார்த்தேன். பிள்ளைகளோடு அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் போனால், மற்றவர் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரை குத்தும் அதிகாரி எத்தனை நாள் என்று கையால் எழுதுவார். அதிகபட்சம் 180, ஆனால் நீங்கள் சொல்லும் நாள் கணக்கைப் பொறுத்துக் குறைத்தும் எழுதுவார்கள். மேசையை விட்டு நகரும் முன்பே அந்த எண்ணைப் பாருங்கள். எஃப்.எம்.எம். என்ற மெக்சிகோ நுழைவுச் சீட்டை உங்கள் கையில் கொடுத்தால் அதைப் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வையுங்கள், திரும்பும்போது கேட்பார்கள், தொலைத்தால் கட்டணமும் கட்ட வேண்டும், நேரமும் போகும்.

2. ஒற்றைப் பெயர்க்காரர்கள் கவனிக்க

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர். அமெரிக்க விசாவில் அந்தப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம்) என்று அடித்திருக்கிறார்கள். டிக்கெட்டில் நான் பெயரை இரண்டு முறை போட்டுவிட்டேன், இணையத்தில் ஏற்றுக்கொண்டது, விமான நிலையத்தில் ஏற்றுக்கொள்ளவில்லை. நாற்பது நிமிடம் கவுண்டரில் நின்றோம். டிக்கெட் பதிவு செய்த அன்றே விமான நிறுவனத்துக்குப் போன் செய்து, பாஸ்போர்ட்டிலும் விசாவிலும் இருப்பதைப் படித்துக் காட்டி, எப்படிப் போட வேண்டும் என்று கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். பயண நாளில் திருத்துவது பாதுகாப்புச் சோதனையைவிடப் பெரிய தலைவலி.

3. எப்போது போவது

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை இல்லாத காலம். டிசம்பர், ஜனவரியில் பகலில் வெயில் இதமாக இருக்கும், விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது, பழைய விடுதிகள் பலவற்றில் ஹீட்டரும் இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையில் மழை, அப்போது கல் பாவிய சந்துகள் வழுக்கும், வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

அக்டோபரில் செர்வந்தினோ என்ற பெரிய கலைவிழா நடக்கும். 1972-இல் தொடங்கியது, உலகம் முழுவதிலும் இருந்து நாடக, இசைக் குழுக்கள் வருவார்கள். விழாவுக்காகவே போனால் அருமை, ஊரையும் சுரங்கத்தையும் பார்க்கப் போனால் அந்த மாதத்தைத் தவிருங்கள். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை வேறு ரகம். ஈஸ்டருக்கு முந்தைய வாரமும் இப்படித்தான். திங்கட்கிழமை அரசு விடுமுறை சேர்ந்து வரும் நீண்ட வாரஇறுதிகளிலும் உள்ளூர்க் கூட்டம் நெருக்கும்.

எங்கள் கணக்கில் மூன்று இரவு சரியாக இருந்தது. செவ்வாய் முதல் வெள்ளி வரை என்று போட்டால் வாடகையும் குறைவு, கூட்டமும் குறைவு. திங்கட்கிழமையை மட்டும் பார்க்கும் நாளாக வைக்காதீர்கள், முக்கியமான அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும்.

ஒரு சின்ன விஷயம். மெக்சிகோவின் பெரும்பகுதியில் 2022-லிருந்து கோடைக்கால நேர மாற்றம் கிடையாது. டெக்சஸிலிருந்து போனால் குளிர்காலத்தில் ஒரே நேரம், மார்ச்சுக்குப் பிறகு நவம்பர் வரை அங்கே ஒரு மணி நேரம் பின்னால். பஸ் நேரத்தை உங்கள் கைக்கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

4. போய்ச் சேருவது

அருகில் இருக்கும் விமான நிலையம் பஹியோ, சிலாவோ என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. டாலஸ், ஹூஸ்டன் போன்ற இடங்களிலிருந்து நேரடி விமானம் உண்டு. மெக்சிகோ சிட்டி வழியாகப் போவதைவிட டிக்கெட் விலை கூடவே இருக்கும், ஆனாலும் பெரியவர்களோடு போனால் நேரடி விமானத்துக்கே என் ஓட்டு. காரணம், மெக்சிகோ சிட்டியில் இறங்கினால் குடிவரவு, சுங்கம் இரண்டையும் அங்கேயே முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி போட்டு, அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி விட்டால் மூச்சு முட்டும். அதைவிட மோசமான பொறி இன்னொன்று: மெக்சிகோ சிட்டிக்கு இரண்டு விமான நிலையங்கள். பழையது பெனித்தோ ஹுவாரெஸ், புதியது ஃபெலிபே ஆங்கெலெஸ், ஒன்றுக்கொன்று வெகு தூரம். மலிவாக இருக்கிறதே என்று தனித்தனி டிக்கெட் போட்டால் ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டியதாக ஆகிவிடலாம். மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

பஹியோவிலிருந்து ஊருக்குச் சுமார் 30 கிலோமீட்டர். வெளியே வருகிற கூடத்திலேயே டாக்சிச் சீட்டு விற்கும் கவுண்டர் இருக்கும், அங்கே பணம் கட்டி வாங்கிக்கொண்டு வெளியே போங்கள். நாங்கள் கொடுத்தது 600 பேசோ. வெளியே வந்து கையைப் பிடித்து இழுப்பவர்களோடு பேரம் பேசி மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை.

மெக்சிகோ சிட்டியிலிருந்து பஸ்ஸில் வருவதும் நல்ல வழிதான். வடக்குப் பேருந்து நிலையம், அதாவது டெர்மினல் நோர்தே, அங்கிருந்து ப்ரிமேரா ப்ளுஸ், இ.டி.என். போன்ற முதல் வகுப்பு பஸ்கள், சுமார் ஐந்து மணி நேரம், கால் நீட்டி உட்காரலாம், உள்ளே கழிப்பறை உண்டு. இணையத்தில் பதிவு செய்யும்போது வெளிநாட்டு அட்டையை ஏற்காமல் போகலாம், எனக்கு மூன்று முறை அப்படி ஆனது. நிலையத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்க் கவுண்டரில் வாங்குவது நிம்மதி. பெட்டிக்குக் கொடுக்கும் சீட்டைத் தொலைக்காதீர்கள், இறங்கும்போது அதைப் பார்த்துத்தான் பெட்டியைத் தருவார்கள்.

குவானஹுவாத்தோ பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சென்ட்ரோ என்று எழுதிய உள்ளூர் பஸ் வாசலிலேயே வரும், சில்லறை போதும். பெட்டி இருந்தால் டாக்சி. நகர டாக்சிகளில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே "குவாந்தோ?" (எவ்வளவு?) என்று கேட்டு முடிவு செய்துவிட்டு ஏறுங்கள். நிலையத்துக்குள்ளேயே சுற்றுலா அலுவலகம் மாதிரி மேசை போட்டு உட்கார்ந்து சுற்றுலா விற்பவர்கள் இருப்பார்கள். இறங்கின களைப்பில் எதையும் வாங்காதீர்கள்.

வாடகைக் கார் வேண்டாம். இந்த ஊரின் முக்கியப் போக்குவரத்து பூமிக்கு அடியில் ஓடுகிறது. ஒரு காலத்தில் ஊர் நடுவே ஆறு ஓடிய தடமும், அப்புறம் குடைந்த சுரங்கப்பாதைகளுமாகச் சேர்ந்த சாலைகள், அதற்குள் வளைவும் பிரிவும் உண்டு, வழிகாட்டும் செயலி அங்கே கைவிட்டுவிடும். தவறான கிளையில் திரும்பினால் ஊரின் மறுகோடியில் போய் வெளியே வருவீர்கள். அப்படியும் கார்தான் என்றால், மெக்சிகோவில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்பதை மறக்காதீர்கள். இணையத்தில் ஒரு நாளைக்கு ஐந்து டாலர் என்று காட்டும் கார், கவுண்டரில் அந்தக் காப்பீடு சேர்ந்ததும் பல மடங்கு ஆகும், உங்கள் கிரெடிட் கார்டு தரும் காப்பீடு பொதுவாக அதற்கு ஈடாகாது.

5. எங்கே தங்குவது: தூரத்தைக் கேட்காதீர்கள், படியைக் கேளுங்கள்

ஊரின் வரைபடம் தட்டையானது, ஊர் தட்டையானது இல்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். திரையில் ஒரே இடத்தில் இரண்டு தெருக்கள் தெரியும், ஒன்று மேலே வெயிலில், இன்னொன்று இருபதடி கீழே சுரங்கப்பாதையில். நீங்கள் நிற்பது எது என்று கைப்பேசிக்குத் தெரியாது. கயெஹோன் என்று முகவரியில் இருந்தால் அது கார் போகாத சந்து என்று பொருள், பெரும்பாலும் படிக்கட்டுச் சந்து. புகைப்படத்தில் மொட்டை மாடியிலிருந்து ஊர் முழுவதும் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக விரிந்து கிடந்தால், அந்த மாடிக்கு ஏறியாக வேண்டும் என்பதையும் அதே புகைப்படம்தான் சொல்கிறது, எனக்கு அப்போது அது உறைக்கவில்லை.

பதிவு செய்யும் முன் விடுதிக்காரருக்கு மூன்று கேள்விகள் அனுப்புங்கள். டாக்சி எந்தச் சதுக்கத்தில் நிற்கும்? அங்கிருந்து எத்தனை படி? பெட்டி தூக்க ஆள் வருவாரா? நேர்மையான விடுதிகள் எண்ணிக்கையோடு பதில் அனுப்புகின்றன. "கொஞ்சம்தான், ஐந்து நிமிடம்" என்று பதில் வந்தால் அடுத்த விடுதியைப் பாருங்கள்.

முதியவர்களோடும் குழந்தை வண்டியோடும் போகிறவர்கள் ஹார்தின் தெ லா உனியோன் பூங்காவுக்கும் பிளாசா தெ லா பாஸுக்கும் இடையில் தங்குங்கள். ஊரிலேயே ஓரளவு சமதளம் அதுதான். வாடகை கூட, இரவில் பாட்டுச் சத்தமும் உண்டு, அதனால் தெருப்பக்கம் இல்லாத அறையாகக் கேளுங்கள். இரண்டாம் நாள் நாங்கள் அங்கேதான் மாறினோம். முதல் விடுதியில் மீதி இரண்டு இரவுக் காசு போனது போனதுதான்.

உருட்டுப் பெட்டி இந்தக் கல் தெருவில் உருளாது. முதுகில் மாட்டும் பை கொண்டுபோங்கள். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேரும்படி விமானத்தையோ பஸ்ஸையோ பாருங்கள், இதற்காக நூறு டாலர் கூடக் கொடுத்தாலும் தகும். உயரம் கிட்டத்தட்ட ஊட்டிக்குப் பக்கத்தில் வரும், முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம், மெதுவாக ஏறுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

6. பணம்

அட்டை பெரிய உணவகங்களிலும் விடுதிகளிலும் செல்லும். சுரங்கம், உள்ளூர் பஸ், சந்தை, கழிப்பறை எல்லாம் ரொக்கம்தான், அதுவும் சில்லறையாக. 500 பேசோத் தாளை நீட்டினால் முகத்தைப் பார்ப்பார்கள். வங்கிக்குள்ளேயே இருக்கும் ஏ.டி.எம்.-ஐப் பயன்படுத்துங்கள். பணம் எடுக்கும்போது "டாலரில் மாற்றித் தரட்டுமா" என்று திரையில் ஒரு கேள்வி வரும், வேண்டாம் என்பதை அழுத்துங்கள். ஆம் என்றால் அவர்கள் சொல்லும் மாற்று விகிதம், நமக்கு நஷ்டம். வேண்டாம் என்று அழுத்தினாலும் பணம் வரும், உங்கள் வங்கி விகிதத்தில் வரும்.

எங்களுக்கு ஊருக்குள் ஆன செலவு, விடுதி தவிர, ஆளுக்கு ஒரு நாளைக்கு 700 பேசோவுக்குள் அடங்கியது. விலைகள் வருடாவருடம் ஏறுகின்றன, கால் பங்கு கூட வைத்துக்கொள்ளுங்கள்.

7. சுரங்கத்துக்குள் இறங்குவது

தமிழில் வெள்ளி எடுக்கும் இடத்துக்கும் சுரங்கம், கார் ஓடும் பாதைக்கும் சுரங்கம் என்றே வாயில் வந்துவிடுகிறது. இனி நான் சொல்வது வெள்ளிச் சுரங்கம்.

வலென்சியானா ஊருக்கு மேலே ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அலோண்டிகா என்ற பெரிய கல் கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து வலென்சியானா என்று கண்ணாடியில் எழுதிய பஸ் போகும். இறங்கும் இடத்தில் சான் கயெத்தானோ தேவாலயம். 1788-இல் முடித்த கட்டடம், உள்ளே பலிபீடங்கள் தரையிலிருந்து கூரை வரை பொன் பூசியவை. கால் மணி நேரம் உள்ளே உட்காருங்கள். ஏனென்றால் இதற்கு அப்புறம் இந்தப் பொன்னுக்கும் கல்லுக்கும் காசு எங்கிருந்து வந்தது என்பதை நேரில் பார்க்கப் போகிறீர்கள்.

இங்கே குழப்பம் என்னவென்றால், பார்வையாளர்களை விடும் சுரங்க வாய்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. சான் ரமோன், சான் கயெத்தானோ என்று பெயர்கள் வேறு, சீட்டும் வேறு வேறு, ஒன்றில் வாங்கியது மற்றதில் செல்லாது. தேவாலய வாசலில் நிற்பவர்கள் கமிஷனுக்காக ஏதாவது ஒன்றுக்கு உங்களை இழுத்துப் போவார்கள். நீங்களே நடந்து போய் வாசலில் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை மீட்டர் ஆழம் இறங்க வேண்டும், வழிகாட்டி ஆங்கிலம் பேசுவாரா, அடுத்த குழு எப்போது. நாங்கள் இறங்கியது சான் ரமோன். ஐம்பது அறுபது மீட்டர் ஆழம் வரை இறங்கலாம், உள்ளே இருந்தது முக்கால் மணி நேரம், சீட்டு நூறு பேசோகூட இல்லை. காலையில் திறந்ததும் போனால் குழுவில் ஆறேழு பேர்தான் இருப்பார்கள்.

தலைக்கவசம் கொடுப்பார்கள். மூடிய செருப்பு, அடிப்பாகம் வழுக்காததாக, கட்டாயம். பெரிய பையை விடுதியிலேயே வைத்துவிடுங்கள். மேலே குளிரும், உள்ளே போகப் போக வெதுவெதுப்பாகிவிடும், அதனால் கழற்றிக் கட்டிக்கொள்ளும்படி மேல்சட்டை. முழங்கால் வலி, இதய நோய், மூச்சுத்திணறல், அடைந்த இடத்தில் பயம், இவற்றில் எது இருந்தாலும் இறங்க வேண்டாம். இறங்குவதில் சிரமம் இல்லை, ஏறுவதுதான் சிரமம். அம்மா மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே படிகளின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருந்தது. கைப்பிடி ஈரமாக இருந்தது. சுவரில் விளக்கு பட்ட இடத்தில் உளியின் கோடுகள் தெரிந்தன, ஒரு சாண் நீளத்துக்கு ஒன்று, பக்கத்திலேயே அடுத்தது. வழிகாட்டி ஓர் அகலமான பட்டையை எடுத்துத் தன் நெற்றியில் மாட்டி, முதுகில் தொங்கும் தோல்பையில் கல்லைச் சுமந்து தொழிலாளிகள் இதே படியில் எப்படி ஏறினார்கள் என்று குனிந்து காட்டினார். இரண்டு இரவுக்கு முன்னால் நான்கு பெட்டிகளோடு 137 படி ஏறினதை நான் இன்னும் எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் புலம்பவில்லை.

முழுநாள் வேன் சுற்றுலா எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சுரங்கம் என்று போட்டிருக்கும், ஆனால் வாசலில் கால் மணி நேரம், சீட்டு உங்கள் செலவு, மீதி நேரம் மிட்டாய்க் கடையும் சித்திரவதைக் கருவிக் காட்சியகமும். பஸ்ஸில் நீங்களே போனால் அரை நாள் போதும், செலவும் பாதிகூட ஆகாது.

வெளியே வெள்ளி நகை விற்பார்கள். 925 என்ற முத்திரையைப் பாருங்கள், 92.5 சதவீதம் வெள்ளி என்று பொருள். அல்பாக்கா என்று சொன்னால் அது அந்தப் பெயர் கொண்ட விலங்கின் ரோமம் இல்லை, வெள்ளியே கலக்காத ஒரு வெண்ணிற உலோகக் கலவை. பார்க்க வெள்ளி மாதிரியே மின்னும்.

8. ஊருக்குள்

விடுதலைப் போர் வீரர் பிபிலாவின் சிலை நிற்கும் மேட்டிலிருந்துதான் ஊர் முழுவதும் தெரியும். ஹுவாரெஸ் தியேட்டருக்குப் பின்னாலிருந்து இழுவை ரயில் ஏறுகிறது. ஏற அதில் போங்கள், இறங்க நடந்து வாருங்கள், ஒரு வழிச் சீட்டு போதும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள்.

அலோண்டிகா அருங்காட்சியகம் ஞாயிறு இலவசம் என்று படித்துவிட்டுப் போகாதீர்கள், அந்த இலவசம் மெக்சிகோக்காரர்களுக்கும் அங்கே குடியிருப்பவர்களுக்கும்தான், நாம் சீட்டும் வாங்கிக் கூட்டத்திலும் நிற்போம். ஓவியர் தியேகோ ரிவேரா 1886-இல் பிறந்த வீடு பக்கத்திலேயே இருக்கிறது. சில இடங்களில் கேமராவுக்குத் தனிக் கட்டணம், வாசலில் பலகையைப் படியுங்கள்.

மம்மி அருங்காட்சியகத்துக்கு எல்லோரும் போகிறார்கள். பதப்படுத்தியவை இல்லை, கல்லறைக் கட்டணம் கட்டக் குடும்பத்தார் இல்லாததால் தோண்டி எடுத்த உடல்கள், காய்ந்து அப்படியே நின்றுவிட்டவை. கைக்குழந்தைகளும் உண்டு. நான் உள்ளே போய்ப் பாதியில் வெளியே வந்துவிட்டேன். அவர்கள் யாருடையவோ அப்பா அம்மா. பிள்ளைகளைக் கூட்டிப்போகும் முன் யோசியுங்கள். அந்த நேரத்துக்கு நான் சான் கபிரியேல் தெ பர்ரேரா பண்ணைத் தோட்டங்களைத்தான் சொல்வேன், நிழலும் அமைதியுமாக, அம்மாவுக்கு ஊரிலேயே பிடித்த இடம் அது.

9. சைவச் சாப்பாடு

சுத்த சைவம் என்பது அங்கே புரியாத சொல். "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்றால் மாட்டிறைச்சி இல்லாமல் என்று எடுத்துக்கொண்டு கோழியைப் போட்டுத் தருவார்கள். "சின் கார்னே, சின் போயோ, சின் மந்தேகா" என்று மூன்றையும் சொல்லுங்கள், போயோ என்பது கோழி, மந்தேகா என்பது பன்றிக் கொழுப்பு. பீன்ஸ் பெரும்பாலும் அதில்தான் வேகும், சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கும், இரண்டையும் கேட்காமல் தொடாதீர்கள். இந்த ஊரின் என்சிலாதாஸ் மினேராஸ் நமக்கு ஏற்றது, சுரங்கத்தொழிலாளிகளின் சாப்பாடு என்று பெயர், மிளகாய்ச் சாந்தில் புரட்டிய சோளரொட்டிக்கு மேல் உருளைக்கிழங்கும் கேரட்டும் பாலாடைக்கட்டியும், கோழியை விட்டுவிடச் சொன்னால் போதும். குழாய்த் தண்ணீர் பல் தேய்க்கக்கூட வேண்டாம்.

ஊரிலிருந்து கொண்டுபோவதில் கறிவேப்பிலை, பழம், விதை இவற்றைத் தவிருங்கள், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை மெக்சிகோவில் தடை, பெட்டிக்குள் கிடந்தால் எடுத்து வீட்டில் வையுங்கள்.

10. பாதுகாப்பு

குவானஹுவாத்தோ என்பது மாநிலத்துக்கும் பெயர், நகரத்துக்கும் பெயர். செய்தியில் வரும் வன்முறை பெரும்பாலும் மாநிலத்தின் தென்பகுதி, செலாயா, சலமாங்கா, இராபுவாத்தோ பக்கம். நகரத்தில் இரவு பத்து மணிக்கும் குடும்பங்கள் சதுக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். ஆனாலும் ஊர்விட்டு ஊர் போவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள், சுங்கச்சாலை பஸ்ஸில் போங்கள். அமெரிக்க அரசு இந்த மாநிலத்துக்கு எச்சரிக்கை போட்டிருந்தால் சில பயணக் காப்பீடுகள் செல்லாது, வாங்கும் முன் அந்தப் பிரிவைப் படித்துவிடுங்கள். அவசர எண் 911, அங்கேயும் அதுவேதான்.

11. திரும்பும் நாள்

பஹியோவிலிருந்து காலை விமானங்கள் ஆறு ஏழு மணிக்கே கிளம்பும். டாக்சியை முந்தின நாள் மாலையே விடுதி மூலம் சொல்லிவைத்து, கட்டணத்தையும் பேசி முடியுங்கள், விடியற்காலை நான்கு மணிக்குச் சதுக்கத்தில் நின்று தேட முடியாது. எஃப்.எம்.எம். சீட்டு, பாஸ்போர்ட், விசா, ஐ-94 அச்சு எல்லாம் கைப்பையில். மிச்சமிருக்கும் பேசோ நாணயங்களை டாக்சிக்காரருக்கே கொடுத்துவிடுங்கள், எந்த வங்கியும் நாணயத்தை மாற்றித் தராது. பெட்டியோடு அறையிலிருந்து டாக்சி நிற்கும் இடம் வரை இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று முந்தின நாளே ஒருமுறை பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள், விடியற்காலைப் பனியில் அந்தக் கல் படிகள் வழுக்கும்.